பாம்புக்கு ராக் வாங்கப் போகிறீர்களா? டப்பிலிருந்து தொடங்குங்கள்

வயரிங் வேலை என் தொழில், பாம்பு வளர்ப்பது என் பழக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால் ராக் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு விழிக்கிறவர்களும் என்னைத் தேடி வருவார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, எத்தனை அடுக்கு வாங்கலாம்?" அடுக்கு கடைசிக் கணக்கு. முதலில் பாம்பு, பிறகு அது கிடக்கப்போகும் டப், அடுத்து சூடு. இதையெல்லாம் தாங்கி நிற்கும் சட்டகத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. வரிசையாக ஷெல்ஃப்கள், ஒவ்வொன்றிலும் இழுத்துத் திறக்கும் பிளாஸ்டிக் டப், இதுதான் ராக். பெரும்பாலான ராக்குகளில் டப்புக்குத் தனி மூடி கிடையாது. மேலே இருக்கும் ஷெல்ஃபின் அடிப்பக்கமே மூடி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி சிக்கல் இங்கிருந்துதான் வருகிறது.

உங்களுக்கு ராக் வேண்டுமா?

வீட்டில் ஒன்றிரண்டு பாம்புதான் என்றால் வேண்டாம் என்பேன். நல்ல கண்ணாடித் தொட்டியோ முன்கதவு வைத்த பிவிசி கூண்டோ போதும். பாம்புக்கும் ஏறி இறங்க இடம் கிடைக்கும், உங்களுக்கும் பார்க்க ஏதாவது இருக்கும். பந்து போலச் சுருண்டுகொள்ளும் பால் பைத்தான்களை (ball python) ராக்கிலும் தொட்டியிலும் வைத்து ஒப்பிட்ட ஜெர்மன் ஆய்வு ஒன்று 2021-ல் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் வந்தது. தொட்டியில் செய்யும் பல இயல்பான காரியங்களை, உதாரணமாக ஏறுவதை, ராக்கில் அவற்றால் செய்ய முடியவில்லை என்பது அதன் முடிவு. ராக் ஆதரவாளர்களுக்கு அது கசக்கத்தான் செய்யும். ஆனால் 14 செ.மீ. உயர டப்புக்குள் எந்தப் பாம்பும் எதன் மேலும் ஏற முடியாது. இதைத் தெரிந்துகொள்ள ஆய்வுகூடத் தேவையில்லை.

ராக் உண்மையிலேயே கை கொடுக்கும் இடங்கள் உண்டு. ஒரே ஈட்டில் பொரித்த பத்துப் பதினைந்து குட்டிகளைத் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றும் தின்றதா, கழித்ததா, சட்டை உரித்ததா என்று பார்க்க வேறு வசதி இல்லை. புதிதாக வந்த பாம்பைத் தனிமைப்படுத்தவும் அதுவே வசதி. மண்ணுக்குள் புதைந்தே வாழும் கென்ய மணல் போவா, ஹாக்நோஸ் போன்ற சிறிய இனங்களுக்கு வளர்ந்த பிறகும் நல்ல டப் ஒத்துவரும். பச்சை மரப் பைத்தான் மாதிரி கிளையில் சுருண்டிருக்கும் இனங்களையும், பகலெல்லாம் ஓடித் திரியும் இனங்களையும் இழுப்பறைக்குள் அடைக்காதீர்கள். நஞ்சுள்ள பாம்பு இந்தக் கட்டுரைக்குள் வராது. எந்தப் பாம்பானாலும் உங்கள் ஊர்ச் சட்டம் அதை வளர்க்க விடுகிறதா என்பதைப் பாம்பு வரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

டப்பின் அளவு

பழைய கணக்கு ஒன்று உண்டு: டப்பின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் பாம்பின் நீளம் வர வேண்டும். வளர்ந்த பால் பைத்தானுக்கு விற்கப்படும் வழக்கமான டப் ஏறத்தாழ 85-க்கு 45 செ.மீ. கூட்டினால் 130 வருகிறது, 120 செ.மீ. பெண் பாம்புக்குப் போதும் என்று சொல்லிவிடுவார்கள். அதே டப்பின் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள், 96 செ.மீ.தான். அந்தப் பாம்பு வாழ்நாள் முழுக்க ஒரு தடவைகூட உடம்பை நீட்டிப் படுக்க முடியாது. அதனால் நான் அளப்பது மூலைவிட்டத்தை. பாம்பு நேராக நீட்டினால் அதற்குள் அடங்க வேண்டும். 120-க்கு 60 அளவுக்குப் போனால் மூலைவிட்டம் 134 வரும். அந்த அளவு டப் வைத்த ராக் கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் வளர்ந்த பாம்பைக் கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். கார்ன் ஸ்னேக் 120 முதல் 150 செ.மீ. வரை வளரும், சுறுசுறுப்பும் அதிகம். அதன் குட்டிப் பருவத்துக்கு மட்டுமே ராக்.

குட்டியைப் பெரிய டப்பில் விட்டால் இரை எடுக்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது பயப்படுவது வெட்டவெளிக்கு. ஒளிய இரண்டு இடம், கசக்கிப் போட்ட காகிதம், அட்டைக் குழாய் என்று உள்ளே நிரப்பிவிட்டால் பெரிய டப்பிலும் தின்னும்.

உயரத்தை யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். தேங்காய் நார்த்தூள் 5 செ.மீ. போட்டு, அதன் மேல் தண்ணீர்க் கிண்ணமும் மறைவிடமும் வைத்த பிறகும் டப் எதிலும் உரசாமல் உள்ளே போக வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு ஷெல்ஃபில் இடித்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தண்ணீர் சிந்தும். கீழே மின்சாரம் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

இடைவெளி

டப்பின் விளிம்புக்கும் மேல் ஷெல்ஃபுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? ராக்கின் தரத்தை நான் முடிவு செய்வது இதை வைத்துத்தான். பாம்பின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. இரண்டு அட்டைகளைச் சேர்த்துப் பிடித்து, டப்பை மூடிய நிலையில் விளிம்பைச் சுற்றிச் செருகிப் பாருங்கள். நான்கு பக்கமும் சிக்கினால் குட்டிக்கும் நம்பலாம். மூன்றாவது அட்டையும் சரளமாகப் போனால் கார்ன், கிங் ஸ்னேக் குட்டிகளை அதில் விடாதீர்கள். கிங் குட்டிகள் இரவு முழுக்க மூக்கால் விளிம்பைத் தடவித் தடவி வழி தேடும், சலிக்கவே சலிக்காது.

சோதனையை ஓரத்தோடு நிறுத்திவிடாமல் ஷெல்ஃபின் நடுப்பகுதியிலும் செய்யுங்கள். நீளமான ஷெல்ஃபுகள் நாளடைவில் நடுவில் தொய்யும். தொய்ந்தால் மேல் டப்பின் எடையில் கீழ் டப் இறுகி இழுக்க வராது, தொய்ந்த ஷெல்ஃபில் உட்கார்ந்த மேல் டப் தாழ்ந்துவிடும், அதற்கு மேல் தொய்வில்லாத ஷெல்ஃபாக இருந்தால் அங்கே இடைவெளி கூடிவிடும். மெலமைன் பலகையில் இந்தத் தொல்லை அதிகம். வெட்டிய ஓரத்தில் ஈரம் ஏறினால் உப்பி வேறு போகும். பிவிசி பலகை ஈரத்துக்கு அசையாது, எடையும் குறைவு, ஆனால் நீளமான ஷெல்ஃபுக்கு நடுவில் தாங்கல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

எடையுள்ள பாம்பு உள்ளிருந்து தள்ளியே டப்பைத் திறந்துவிடும். பெரிய டப் என்றால் முன்னால் ஒரு தாழோ தடுப்புக் கம்பியோ அவசியம். பின்னாலும் ஒரு தடுப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் டப் அளவுக்கு மீறி உள்ளே போய் வயர் மேல் உட்காரும்.

டப்பின் பிளாஸ்டிக்கையும் கவனியுங்கள். பாலிப்ரொப்பிலீன் என்றால் வளையும், துளை போட்டாலும் விரியாது. கண்ணாடி போலப் பளிச்சென்று இருக்கும் பாலிஸ்டைரீன் அழகாக இருக்கும், ஒருநாள் மூலையில் விரிசல் விடும். பால் பைத்தான் போன்ற கூச்ச சுபாவிகளுக்கு மங்கலான அல்லது கறுப்பு டப் நல்லது. இன்னொரு விஷயம்: கடைகளில் துணி வைக்க விற்கும் டப்பை அளவாக வைத்துச் செய்த ராக்குகள் உண்டு. அந்த டப்பை அந்த நிறுவனம் செய்வதை நிறுத்திவிட்டால் உங்கள் ராக் வெறும் புத்தக அலமாரிதான். வாங்கும்போதே மூன்று நான்கு உபரி டப் சேர்த்து வாங்குங்கள். கழுவிக் காயவைக்கும் நேரத்தில் மாற்று டப்பாகவும் உதவும்.

காற்றுத் துளைகளைக் காய்ச்சிய சால்டரிங் இரும்பால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குத்த வேண்டும். உருகிய பிசிறு வெளியே நிற்கும், பாம்பின் மூக்கைக் கிழிக்காது. ஆரம்பத்தில் குறைவாகப் போடுங்கள். சுவரில் எந்நேரமும் நீர்த்துளி நின்றால் கூட்டலாம். சட்டை துண்டு துண்டாக உரிந்தால் காற்று மிகுதி, சில துளைகளை டேப் ஒட்டி மூடிப் பாருங்கள்.

சூடு: என் பேட்டை

ராக்கில் சூடு தருவது பெரும்பாலும் ஹீட் டேப். மெல்லிய பிளாஸ்டிக் நாடாவுக்குள் கரிப்பட்டையும் இரு ஓரங்களில் உலோகக் கம்பியும் இருக்கும். ஷெல்ஃபின் பின்பகுதியில், டப்பின் அடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தொடும்படி ஓடினால் அடிச்சூடு. பின்சுவரில் ஓடினால் பின்சூடு. அடிச்சூட்டில் சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் தெளிவாகப் பிரியும். பின்சூடு மென்மையானது, டப் சீக்கிரம் வறளாது, ஆனால் குளிரான அறையில் போதாது. இரண்டுமே டப்புக்குள் இருக்கும் காற்றை அதிகம் சூடாக்காது. அறையே 20 டிகிரிக்கு இறங்கினால் வயிறு சுட்டாலும் பாம்பு மூச்சு விடுவது குளிர்ந்த காற்றைத்தான், சளி பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் பக்கமெல்லாம் அடைத்த ராக் வாங்குங்கள், அல்லது அறையைச் சூடாக்குங்கள்.

டேப்பை நான் பார்க்கும் விதம் இது. ஷெல்ஃபில் பள்ளம் குடைந்து அதற்குள் மட்டமாகப் பதித்திருக்க வேண்டும். மேடாக ஒட்டியிருந்தால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் டப் அதன் மேல் தேய்க்கும், மேலுறை தேய்ந்து கம்பி வெளியே தெரியும். வெட்டிய முனைகள் இரண்டிலும் உலோகம் திறந்திருக்கும், அங்கே காப்புப் பட்டை கட்டாயம். ஒவ்வொரு அடுக்கின் டேப்பும் பேரலல் இணைப்பில் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒன்று செத்தாலும் மற்றவை ஓடும். இணைப்பு இடங்களைக் கையால் தொட்டால் சூடு தெரியக்கூடாது. தெரிந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது, கருகப் போகிறது. மின்சாரம் வரும் வழியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போட்டுவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணங்களை அடுக்கி அடியில் மின்சாரம் ஓட்டும் சாமான் இது, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் டேப்பை ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது. பாம்புக்கு அடிவயிறு வேகும்வரை நகரத் தோன்றாமல் போவதுண்டு. ஆன் ஆஃப் வகை மலிவு, ஆனால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ரிலே ஒட்டிக்கொண்டால் நிற்காமல் சுடும். தேவைக்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ரொபோர்ஷனல் வகைக்குப் போங்கள். அதற்கு முன்னால் இரண்டாவதாக ஒரு மலிவான தெர்மோஸ்டாட்டை இரண்டு மூன்று டிகிரி அதிகமாக வைத்து, முதலாவது பழுதானால் துண்டிப்பதற்கென்றே இணைத்துவிடுவது என் வழக்கம்.

சூட்டை அளந்து தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்லும் ப்ரோபை டப்புக்குள் போடாதீர்கள். பாம்பு அதை நகர்த்தும், இல்லையென்றால் அதன் மேல் சிறுநீர் கழிக்கும். ப்ரோப் குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் ஏமாந்து சூட்டை ஏற்றும். டேப்பின் மேலேயே, ஷெல்ஃபுக்கும் டப்புக்கும் நடுவில், அசையாமல் ஒட்டுங்கள். ஒரே ப்ரோப் மொத்த ராக்கையும் ஆள்வதால் அதை நடு அடுக்கில் வையுங்கள். சூடு மேலே ஏறும், உச்சி அடுக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். சூடு அதிகம் கேட்கும் பாம்பை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைக்க இது ஒரு வசதி. பால் பைத்தானுக்குச் சூடான தரை 31, 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 வாக்கில். கார்ன் ஸ்னேக்குக்குச் சூடு 29, குளிர் 22, 23. இரண்டையும் ஒரே தெர்மோஸ்டாட்டில் கட்டினால் ஏதாவது ஒன்று கஷ்டப்படும்.

கடைசியாகச் சில

ராக்குக்கு முன்னால் டப்பை முழுதாக வெளியே இழுக்கும் அளவு இடம் விடுங்கள், பின்னால் வயருக்கு ஒரு கை நுழையும் அளவு. உயரமான ராக்கைச் சுவரோடு கட்டுங்கள். மேல் டப்புகள் இரண்டை ஒரே நேரத்தில் இழுத்தால் முன்னால் சாயும்.

பழைய ராக் வாங்குகிறீர்களென்றால் டேப்பையும் தெர்மோஸ்டாட்டையும் கணக்கில் சேர்க்காமல் சட்டகத்துக்கு மட்டும் விலை பேசுங்கள், மின்சாமான்களைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். மூலைகளிலும் டேப் பள்ளத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்பாக ஏதாவது நகர்ந்தால் அது பாம்பு உண்ணி, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ராக்கில் ஒரு டப்பில் உண்ணி வந்தால் எல்லா டப்பிலும் வந்த மாதிரி. புது வரவுகளை வேறு அறையில், வேறு டப்பில் 60 முதல் 90 நாள் வைத்த பிறகே ராக்குக்குக் கொண்டுவாருங்கள்.

ராக் வீட்டுக்கு வந்ததும் பாம்பை விடாதீர்கள். கிண்ணத்தில் தண்ணீர், அடியில் நார்த்தூள், எல்லாம் போட்டு ஒரு வாரம் காலியாக ஓட்டுங்கள். தினமும் விடியற்காலையிலும் மதியத்திலும் ஒவ்வொரு அடுக்கிலும் டப்பின் தரையை இன்ஃப்ராரெட் வெப்பமானித் துப்பாக்கியால் அளந்து எழுதுங்கள். நார்த்தூளை விலக்கிவிட்டு அளக்க வேண்டும், ஏனென்றால் பாம்பு அதைத் தோண்டிக்கொண்டு அடித்தட்டில்தான் படுக்கும். பளபளக்கும் உலோகத்தின் மேல் அந்தத் துப்பாக்கி தவறாகக் காட்டும், அங்கே ஒரு துண்டுக் காகித டேப் ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியாக வரும். ஏழு நாளும் எந்த அடுக்கும் 33-ஐத் தாண்டவில்லை என்றால் முதல் பாம்பை நடு அடுக்கில் விடுங்கள்.