கண்ணாடியில் ஒட்டிய கரி

திருகோணமலையில் ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உதவியாளராகச் சேர்ந்த முதல் வருசம். நவம்பர் மழையோடு கரி ஓவியத் தாள்கள் நெளிந்து சட்டகக் கண்ணாடியைத் தொட்டன. ஈரமானியில் காற்றின் ஈரப்பதம் 82 சதவீதம். 65 தாண்டினாலே பூஞ்சணப் பயம். பாரம் குறைவென்று கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் எனும் தெளிவான பிளாஸ்டிக் தகடு போட வெளிக்கிட்டேன். மூத்த அக்கா ஒருவர் தடுத்தார்: "வேண்டாம் தங்கச்சி, அது நிலைமின்னால கரித்தூள இழுத்திடும்."

கண்ணாடியையே வைத்து, அமிலமற்ற மட்டையில் சன்னல் வெட்டி தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் 4 மில்லிமீற்றர் இடைவெளி விட்டேன். முதல் மூன்று மட்டையும் கோணல், கைநடுக்கம்தான். தாளின் மேல் விளிம்பை மட்டும் ஜப்பானியத் தாள் துண்டுகளாலான கீலாலும் கோதுமைப் பசையாலும் பிடித்தேன். நாலு பக்கமும் ஒட்டினால் விரிய இடமில்லாமல் திரும்பவும் நெளியும். கடற்பக்கச் சுவரில் இருந்தவற்றை உள்சுவருக்கு மாற்றினோம்.

டிசம்பர் மழையிலும் தாள்கள் தொடவில்லை. ஒரு படத்தில் கண்ணாடிக்குப் போன கரி மட்டும் போனதுதான்.