புது விண்டோஸ் போட்டபின் பழைய ஃபைல்கள் திறக்க மறுத்தால்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால், யாழ்ப்பாணத்துக் கொம்பியூட்டர் கடைகளில் 11 போடுவிக்கிற வேலை கூடிவிட்டது. லப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து டி டிரைவில் உள்ள ரியூசன் நோட்ஸையோ கலியாணப் படங்களையோ திறக்கப் போனால், "அக்சஸ் இஸ் டினைட்" என்று வருகிறது. ஃபைல்கள் அழிந்துவிடவில்லை. ஆனால் இந்த நேரத்தில் பதற்றப்பட்டு டிரைவை ஃபோர்மட் செய்தால் உண்மையாகவே போய்விடும்.

விண்டோஸ் உங்கள் கணக்கைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட இலக்கம் ஒன்று உண்டு. போல்டரின் அனுமதிப் பட்டியலில் பதிந்திருப்பது அந்த இலக்கம்தான். பழையதின் மேலேயே 11ஐ ஏற்றினால் இலக்கம் மாறாது. துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால், அதே பெயரை வைத்தாலும் புது இலக்கம்தான் கிடைக்கும். டி டிரைவுக்கு நீங்கள் அந்நியர் ஆகிவிடுவீர்கள்.

முதலில் போல்டரில் ரைட் கிளிக் செய்து, புரொப்பட்டீஸ், அதில் செக்கியூரிட்டி பக்கத்தைப் பாருங்கள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "அன்னோன் அக்கவுண்ட்" என்றும் அந்த நீண்ட இலக்கமும் இருந்தால் நோய் இதுதான். செக்கியூரிட்டி பக்கமே இல்லையென்றால் அது எக்ஸ்ஃபாட் அல்லது ஃபாட்32 என்ற, அனுமதிப் பட்டியல் வைக்காத முறையில் அமைந்த பென் டிரைவாக இருக்கும். அங்கே இந்தப் பிரச்சினைக்கு இடமில்லை, வேறு காரணத்தைத் தேடுங்கள்.

திறக்கும்போது "கன்டினியூ" என்ற பொத்தான் வந்தால் அதை அழுத்திப் பாருங்கள். சிறிய போல்டருக்கு அதுவே காணும். சரிவராவிட்டால், அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருந்துகொண்டு உரிமையை மாற்றவேண்டும்.

செக்கியூரிட்டி பக்கத்தில் அட்வான்ஸ்ட். மேலே ஓனர் என்ற வரியில் சேஞ்ச். பெட்டியில் உங்கள் கணக்கின் பெயரை எழுதி செக் நேம்ஸ் அழுத்தினால் பெயருக்குக் கீழே கோடு விழும். மைக்ரோசொஃப்ட் கணக்கென்றால் மின்னஞ்சல் முகவரியை எழுதலாம். ஓகே கொடுத்ததும் ஓனருக்குக் கீழே "ரிபிளேஸ் ஓனர் ஒன் சப்கொன்டெய்னர்ஸ் அன்ட் ஒப்ஜெக்ட்ஸ்" என்று ஒரு சிறு பெட்டி தோன்றும். பலர் தவறவிடுவது இதைத்தான். அதில் சரி போடாவிட்டால் வெளிப் போல்டர் திறக்கும், உள்ளே இருப்பவை பூட்டியபடியே கிடக்கும். அப்ளை அழுத்துங்கள். அனுமதிகளை மாற்றி முழு உரிமை தரவா என்று கேட்டால் "யெஸ்".

இப்போது எல்லா ஜன்னல்களையும் மூடி, புரொப்பட்டீஸை மறுபடி திறவுங்கள். மூடாமல் தொடர்ந்தால் பழைய நிலையே தெரியும். அட்வான்ஸ்டில் அட், பிறகு "செலக்ட் எ பிரின்சிபல்"; உங்கள் பெயர்; "ஃபுல் கன்ட்ரோல்"; ஓகே. கீழே "ரிபிளேஸ் ஓல் சைல்ட் ஒப்ஜெக்ட் பெர்மிஷன்" என்று தொடங்கும் வரிக்கும் சரி போட்டு அப்ளை. "அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்" குழுவை மட்டும் சேர்த்துவிட்டு நிற்பது போதாது: சாதாரணமாகத் திறக்கும் ஜன்னல் அட்மின் பலத்தோடு ஓடுவதில்லை, ஆகவே தடை தொடரும். உங்கள் சொந்தப் பெயரையே சேருங்கள்.

ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தால் நேரம் எடுக்கும். லப்டொப்பை சார்ஜில் போடுங்கள்; மேசைக் கொம்பியூட்டருக்கு யூபிஎஸ் இல்லையென்றால் கரண்ட் நிலையாக நிற்கும் நேரமாகப் பாருங்கள். பாதியில் நின்றால் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது, அதே வேலையைத் திரும்பத் தொடங்கவேண்டும், அவ்வளவுதான்.

சி டிரைவ் முழுவதற்கும் இதைச் செய்யவே வேண்டாம். விண்டோஸ் போல்டரின் ஓனர் "டிரஸ்டட்இன்ஸ்டோலர்" என்ற, விண்டோஸின் சொந்த உள்கணக்காக இருப்பது காரணத்தோடுதான். அதைக் குழப்பினால் அப்டேட்டுகள் நிற்கும், பிறகு திரும்பவும் விண்டோஸ் போடவேண்டிய கதையாகும். சி டிரைவில் "டொக்கியூமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்" திறக்காததைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை. அது பழைய மென்பொருட்களுக்காக வைத்த வெறும் வழிகாட்டி. எந்தக் கொம்பியூட்டரிலும் திறக்காது. உங்கள் பழைய ஃபைல்கள் "விண்டோஸ்.ஓல்ட்" என்ற போல்டரின் உள்ளே, யூசர்ஸ் பகுதியில் இருக்கலாம். அந்தப் போல்டர் 10 நாட்களில் தானாக அழிக்கப்படும் என்பதால், வேறெதற்கும் முன் தேவையானதை வெளியே கொப்பி எடுங்கள்.

உரிமை மாற்றியும் திறக்காவிட்டால் குறியாக்கமா (சாவியில்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டுவது) என்று பாருங்கள். ஃபைலின் படத்தின் மேல் சிறு பூட்டு இருந்தால் அது ஈஎஃப்எஸ், அதாவது தனித்தனி ஃபைல்களை விண்டோஸ் பூட்டும் முறை. பழைய கணக்கின் சான்றிதழ் இல்லாமல் எந்த ஓனராலும் அதைத் திறக்க முடியாது. அந்தச் சான்றிதழை பிஎஃப்எக்ஸ் ஃபைலாக எடுத்துவைத்த பிரதி இருந்தால் அதை இருமுறை கிளிக் செய்து சேர்த்தாலே திறக்கும். இல்லையென்றால், "திறந்து தருகிறேன்" என்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

டிரைவ் முழுவதும் பூட்டியிருந்தால் அது பிட்லொக்கர், டிரைவையே குறியாக்கும் விண்டோஸ் வசதி. அது கேட்பது 48 இலக்கச் சாவி, ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, சாதனங்கள் பகுதியில் தேடுங்கள்; திரையில் காட்டும் கீ ஐடி அங்கே உள்ளதோடு பொருந்தவேண்டும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான இயந்திரங்களில் இந்தக் குறியாக்கம் சொல்லாமலே தொடங்கிவிடும். கடைக்காரர் தன் கணக்கில் நுழைந்து அமைத்துத் தந்தால் சாவியும் அவர் கணக்கில்தான் கிடக்கும். பொருளை வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

ஃபைல் திறக்கிறது, சேமிக்க மட்டும் விடவில்லையா? விண்டோஸ் செக்கியூரிட்டியில் "ரான்சம்வேர் புரொடெக்ஷன்" பகுதிக்குப் போய், தெரியாத மென்பொருட்கள் ஃபைல்களை மாற்றாமல் தடுக்கும் "கன்ட்ரோல்ட் போல்டர் அக்சஸ்" இயங்குகிறதா என்று பாருங்கள். அதை நிறுத்தாமல், உங்கள் மென்பொருளை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்ப்பது நல்லது.

போட்டோக் கொப்பிக் கடைகளில் வரும் தொல்லை வேறு: ஒரு கொம்பியூட்டரின் பகிர்ந்த போல்டரை மற்றதிலிருந்து திறக்க முடியாது. 24எச்2 புரோ பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அணுகலை ஏற்காது. ஃபைல் இருக்கும் கொம்பியூட்டரில் கடவுச்சொல்லோடு ஒரு கணக்கு உருவாக்கி, பகிர்வில் அதற்கு அனுமதி கொடுங்கள். மற்றதில் கேட்கும்போது அந்தக் கொம்பியூட்டரின் பெயர், பின்சாய்கோடு, கணக்கின் பெயர் என்ற ஒழுங்கில் எழுதவேண்டும்.

விதானையாருக்கு எழுதிய கடிதமோ கோயில் நோட்டீஸோ திறந்தும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் அங்கே அனுமதிப் பிரச்சினையே இல்லை. பாமினி எழுத்துரு போய்விட்டது. எழுத்துரு ஃபைலில் ரைட் கிளிக் செய்து "இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்" கொடுத்து, வேர்டை மூடித் திறவுங்கள்.