ஆங்கிலத்தில் ஐயம் வந்தால்: சொல்லையும் இலக்கணத்தையும் நீங்களே சரிபார்க்கும் முறை

ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி முடித்ததும் அதை முழுவதுமாகத் திருத்தும் கருவி ஒன்றில் ஒட்டி, சிவப்புக் கோடுகள் மறையும் வரை சொடுக்கிக்கொண்டே போவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் கடிதம் திருந்தக்கூடும். ஆனால் எது ஏன் மாறியது என்பது எழுதியவருக்குத் தெரியாமலே போய்விடும். நான் பின்பற்றும் முறையில் ஐயத்தை முதலில் நாமே கண்டுபிடிக்கிறோம், விடையை அகராதியில் தேடுகிறோம், கருவியைக் கடைசியில்தான் திறக்கிறோம்.

முதல் படியாக, எழுதியதை வாய்விட்டுப் படித்து, தயக்கம் ஏற்படும் இடத்தில் மட்டும் அடிக்கோடிடுங்கள். முழு வாக்கியமும் வேண்டியதில்லை. "வீ டிஸ்கஸ்டு அபவுட் த பிளான்" என்று எழுதியிருந்தால், ஐயத்துக்குரிய இடம் "டிஸ்கஸ்டு அபவுட்" என்ற இரு சொற்கள்தாம்.

அடுத்து, ஐயம் எந்த வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்யுங்கள். காலம், ஒருமை பன்மை போன்றவை விதியைச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஓர் இலக்கண நூல் போதும். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது வழக்கைச் சேர்ந்தது. அதற்கு நூலில் விதி கிடைக்காது, அகராதிக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது படி, கற்போருக்கான அகராதி. ஆங்கிலம்-தமிழ் அகராதி பொருளைச் சொல்லுமே தவிர, அந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படி அமைப்பது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, பிறமொழியினர் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைக் கவனித்து உருவாக்கி 1942இல் வெளியான அகராதியே இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று; இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதி அதன் வழியில் வந்தது. என் முதல் தேர்வு லாங்மன் அகராதி, ஏனெனில் அது ஏறக்குறைய 2000 எளிய சொற்களைக் கொண்டே பொருள் விளக்குகிறது. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொருளைப் படித்ததும் மூடிவிடாமல், சொல்லுக்கு அருகில் உள்ள இலக்கணக் குறிப்பையும் எடுத்துக்காட்டுகளையும் பாருங்கள். "அட்வைஸ்", "இன்ஃபர்மேஷன்", "ஃபர்னிச்சர்" ஆகியவை எண்ண இயலாப் பெயர்கள் என்ற குறிப்பு அங்கே இருக்கும். ஆகவே அவற்றுக்குப் பன்மை விகுதி கிடையாது. "டிஸ்கஸ்" என்ற வினை செயப்படுபொருளை நேராக ஏற்கும் என்பதும், "அபவுட்" சேர்வது "டிஸ்கஷன்" என்ற பெயர்ச்சொல்லோடு என்பதும் அங்கேயே விளங்கிவிடும்.

நான்காவது படி, அந்தத் தொடர் பிறர் எழுதிய வாக்கியங்களில் எப்படி வருகிறது என்று பார்ப்பது. இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். ஐயத்துக்குரிய தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுபொறியில் தேடி, எத்தனை முடிவுகள் வந்தன என்ற எண்ணைப் பார்த்து, அதிகமாக இருந்தால் சரி என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த எண் வெறும் தோராயம். பிழையை விளக்கும் பக்கங்களும் அதில் சேர்ந்திருக்கும், கற்போரே எழுதிய பக்கங்களும் சேர்ந்திருக்கும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: இரு சொற்கள் அடுத்தடுத்து வருவதால் மட்டுமே அவை ஒன்றையொன்று சார்ந்தவை ஆகிவிடா. "திஸ் இஸ் எ டாபிக் வீ டிஸ்கஸ் அபவுட் ட்வைஸ் எ இயர்" என்பது பிழையற்ற வாக்கியம். அதில் "அபவுட்" என்பதற்கு "ஏறத்தாழ" என்று பொருள். அது அடுத்துள்ள "ட்வைஸ்" என்பதைச் சேர்ந்தது. எனவே எண்ணை விட்டுவிட்டு, கிடைத்த வாக்கியங்களில் பத்தையாவது முழுமையாகப் படியுங்கள்.

இதற்குத் தேடுபொறியை விடச் சொற்றொகுப்புகள், அதாவது மொழி ஆய்வுக்காகத் திரட்டிய, தேடிப் பார்க்கக்கூடிய உரைத் திரட்டுகள், மிகவும் நம்பகமானவை. தற்கால அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் (COCA) 1990 முதல் 2019 வரையிலான 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. பேச்சு, புனைகதை, செய்தித்தாள், ஆய்வுக்கட்டுரை என வகை பிரித்தும் பார்க்கலாம். "ஸ்ட்ராங் ரெயின்", "ஹெவி ரெயின்" இரண்டையும் அதில் தேடி ஒப்பிட்டால் எது வழக்கு என்பதில் ஐயமே மிஞ்சாது. ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு வழங்கியது என்று காட்டும் கூகுள் என்கிராம், நூல்களை மட்டுமே கணக்கில் கொள்ளும். பேச்சு வழக்கிற்கு அதை நம்ப வேண்டாம்.

கடைசியாகத் திருத்தும் கருவி. எழுத்துப்பிழை, விடுபட்ட சொல் போன்றவற்றை அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் "சென்சிடிவ்" என்று எழுத நினைத்து "சென்சிபிள்" என்று எழுதினால், வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். முன்னது எளிதில் மனம் புண்படுபவரையும் பின்னது விவேகமுள்ளவரையும் குறிப்பதால், உங்கள் எண்ணம் எது என்று கருவிக்குத் தெரிய வழியில்லை. செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் கேட்பதானால், "இது சரியா?" என்று கேட்காதீர்கள், இரு வடிவங்களையும் தந்து வேறுபாட்டைக் கேட்டு, கிடைத்த விடையை அகராதியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: இரு அகராதிகள் மாறுபட்டால் எதை ஏற்பது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் அது பிழையன்று, நாட்டுக்கு நாடு மாறும் வழக்கு. பிரிட்டனில் "அட் த வீக்கெண்ட்" என்பார்கள், அமெரிக்காவில் "ஆன் த வீக்கெண்ட்" என்பார்கள். லாங்மன் அகராதி இவ்வேறுபாடுகளைக் குறியிட்டே காட்டுகிறது. எழுதத் தொடங்கும் முன்பே ஒரு வழக்கைத் தேர்ந்துகொண்டு, திருத்தும் கருவியின் மொழி அமைப்பையும் அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். இல்லையெனில் சரியாக எழுதியவற்றின் கீழும் அது கோடு போடும்.