மாரி மழையில அழுகின அகாவே கற்றாழையைக் காப்பாத்தினது

போன கார்த்திகை மழை விடாமப் பெய்யேக்க எங்கட முத்தத்து அகாவேயின்ர அடி இலையள் மஞ்சளாகி, விரலால அமத்தினா கொழகொழ எண்டு உள்ளுக்க போகுது. சாடியைக் கவிட்டுப் பாத்தா வேர் கறுத்து ஒரு புளிச்ச மணம், அடி ஓட்டையை செம்மண் இறுகி அடைச்சுப்போட்டுது, பேந்தென்ன தண்ணி போக வழியில்லை.

முதல்ல தடிச்ச கையுறையும் கண்ணாடியும் போட்டன். மெக்சிக்கோ பக்கத்துச் செடி இது, இலைச்சாத்தில கல்சியம் ஒக்சலேட் எண்ட பளிங்குத் துகள் ஊசி ஊசியா இருக்கு, தோலில பட்டா ஒரே கடி, கண்ணில பட்டா கேக்கவே வேணாம். முள்ளு நுனியளையும் நகவெட்டியால கொஞ்சம் நறுக்கி விட்டன், வீட்டில சின்னனுகள் ஓடித்திரியுதுகள்.

கத்தியை ஸ்பிரிட்டால துடைச்சு அழுகின இலையளை தண்டோட ஒட்ட வெட்டினன். பச்சை இலையில கை வைக்கேல்லை. சில பேர் வடிவுக்கெண்டு அன்னாசிப்பழம் மாதிரி சீவி விடுவினம், எனக்குப் பிடிக்காது, செடிக்குச் சாப்பாடே அந்த இலையிலதானே சேருது. கறுத்த வேரையும் எடுத்துப்போட்டு, வெட்டுக்காயம் காயுமட்டும் விறாந்தை நிழலில சும்மா கிடக்க விட்டு, பிறகு பருமணலும் சின்னச் சல்லியும் பாதிக்கு மேல, மிச்சத்துக்கு செம்மண் கலந்து வைச்சன். உடன தண்ணி ஊத்தேல்லை.

இப்ப நடுக்குருத்து இறுக்கமா வருது, பக்கத்தில குட்டியளும் வெடிச்சிருக்கு. மண் அடிவரைக்கும் காய்ஞ்சாத்தான் தண்ணி, மாரி தொடங்க தாழ்வாரத்துக்குள்ள இழுத்து வைக்கிறது. குட்டியள் கொஞ்சம் பெருக்கட்டும், பிரிச்சுக் கேக்கிற ஆக்களுக்குத் தாறன்.