பால்மரப் பலகையில் பிள்ளைக்கு ஒரு படிப்பு மேசை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பிள்ளைகளை ஆளாக்கிய குடும்பங்கள் நிறைய. அந்த மரத்தின் பலகையிலேயே பிள்ளைக்கு ஒரு மேசை செய்து கொடுக்கலாம். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முன்பெல்லாம் அடுப்புக்கும், ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைவீட்டுக்கும் விறகாகத்தான் போட்டார்கள். இன்று ஜொகூர் மாநிலத்து மூவார் தொழிற்சாலைகளில் அது தளபாடமாகி வெளிநாட்டுக்குப் போகிறது. நல்ல மரம். நம் வீட்டிலும் இருக்க வேண்டிய மரம்.

ஆனால் மறுநடவுக்கு வெட்டிப்போட்ட மரத்தைத் தூக்கிவந்து அறுக்காதீர்கள். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சணம் பிடிக்கும், அப்புறம் வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்திய பலகைதான் வேண்டும். மரக்கடையில் மலாயில் 'காயு கெத்தா' என்று கேளுங்கள். சிறு துண்டுகளை ஒட்டிச் செய்த பலகையாகக் கிடைக்கும்.

வாங்க வேண்டியவை: மேல்பலகை 120 × 60 செ.மீ., கனம் 18 மி.மீ. கால்களுக்கு 5 செ.மீ. சதுரக் கட்டை. கால்களை இணைக்கும் சட்டத்துக்கு 7.5 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனமுள்ள பலகை. 8 மி.மீ. டோவல் குச்சிகள் (மரத்தோடு மரத்தைக் கோக்கும் உருண்டை மரக்குச்சி, 4 செ.மீ. நீளம்) பதினாறு, மரப்பசை, எல் வடிவ இரும்புத் துண்டுகள் ஆறு, வாஷர், உப்புத்தாள். ரம்பம், டிரில், மூலைமட்டம் இருந்தால் போதும்.

அளவு: மேசையின் உயரம் 75 செ.மீ. பலகையின் கனம் போனால் கால் 73.2. பலகை நான்கு பக்கமும் 5 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அப்படியானால் கீழ்க்கூடு 110 × 50. இரண்டு கால்களின் கனத்தைக் கழித்தால் நீளச் சட்டம் 100, குறுக்குச் சட்டம் 40. கடையில் இழைத்துத் தரும் கட்டை பெரும்பாலும் 4.5தான் இருக்கும். அதனால் காலை வாங்கி அளந்த பிறகே சட்டத்தை அறுங்கள். 4.5 என்றால் சட்டங்கள் 101, 41.

கூடு கோப்பது: மேசையின் ஆயுள் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். சட்டத்தின் முனையில் வெறும் திருகாணி பிடிக்காது. அது இழையோடு போவதால் நாளடைவில் கழன்றுவிடும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு டோவல் இறக்குங்கள். நீளச் சட்டத்தில் மேலிருந்து 1.5, 4.5 செ.மீ.யிலும், குறுக்குச் சட்டத்தில் 3, 6 செ.மீ.யிலும் துளையிட்டால் காலுக்குள் அவை ஒன்றையொன்று முட்டாது. காலில் ஆழம் 2 செ.மீ., சட்டத்தில் 2.2. டிரில் முனையில் அந்த ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொண்டால் தப்பாது. சட்டத்துத் துளையில் கூர்முனைக் குமிழை (டோவல் துளைக்குக் குறி போடும் சிறு உலோகத் துண்டு) செருகிக் காலின் மேல் அழுத்தினால் எங்கே துளையிடுவது என்று அதுவே குறி போடும்.

பசை தடவும் முன் ஒருமுறை வெறுமனே கோத்துப் பாருங்கள். பிறகு முதலில் இரண்டு குறுக்குப் பக்கங்களை மட்டும் ஒட்டுங்கள். இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் இல்லையா? டயர் கடையில் பழைய மோட்டார் சைக்கிள் டியூப் கேட்டு வாங்கி, நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுங்கள், அருமையாகப் பிடிக்கும். வழியும் பசையை ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வார்னிஷ் ஏறாது. மறுநாள் நீளச் சட்டங்களை ஒட்டி, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் சமமா என்று பாருங்கள். சமமாக இல்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தை அழுத்திச் சரிசெய்யுங்கள்.

தேய்ப்பதும் பூசுவதும்: 120, 180, 240 என்ற வரிசையில் உப்புத்தாள், எப்போதும் இழை ஓடும் திசையில். தண்ணீரில் கரையும் வார்னிஷ் மூன்று பூச்சு. மேல்பலகையின் அடிப்பக்கத்துக்கும் அதே மூன்று. ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். நம் ஊரில் மாலையில் மழை வந்துவிடும், அதனால் காலையிலேயே பூசிவிடுங்கள்.

பலகையை ஏற்றுவது: பசை போட்டு ஒட்டவே கூடாது. மழைக்கும் வெயிலுக்கும் பலகை அகலவாக்கில் விரியும், சுருங்கும். இறுக்கிக் கட்டினால் வெடிக்கும். எல் துண்டுகளைச் சட்டத்தின் உட்புறம் முடுக்கி, மேல்பலகைக்குப் போகும் ஓட்டையை மட்டும் திருகாணியைவிடப் பெரிதாக்கி வாஷர் வைத்துப் பூட்டுங்கள். திருகாணி 16 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நீளமானால் மேலே குத்திக்கொண்டு வந்துவிடும். சிறு துளை போட்ட பிறகே முடுக்குங்கள்.

காலடியில் ரப்பர்த் துண்டு ஒட்டுங்கள். லயத்து வீட்டுச் சிமெண்டுத் தரையைக் கழுவும்போது காலில் தண்ணீர் ஏறாமல் இருக்கும். மேசையை வெளித் திண்ணையில் போட வேண்டாம், பால்மரம் மழைச் சாரலைத் தாங்காது. பூச்சு நன்றாக இறுக ஒரு வாரம் விட்டு, அப்புறம் புத்தகங்களை அடுக்கச் சொல்லுங்கள்.