தலையில் அடிபட்டவர் எப்போது தேறுவார்? ஸ்கான் முடிவைப் பயன்படுத்தும் முறை

மாலை மங்கிய பின் வன்னியின் ஏ-9 வீதியில் கட்டாக்காலி மாடு குறுக்கே வந்ததால் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவரும், கூரை வேய ஏறி வழுக்கியவரும், உழவு இயந்திரத்திலிருந்து தவறியவரும் வைத்தியசாலையில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஸ்கான் எடுத்தால் எப்ப சரியாகும் எண்டு தெரியுமோ?" ஸ்கான் அந்தக் கேள்விக்குப் பாதி விடையையே தரும். மற்றப் பாதியை அடிபட்டவரிடமும் வீட்டாரிடமும் கேட்டுத்தான் பெறவேண்டும்.

முதலில், இத்தகைய காயங்களுக்கு வைத்தியர்கள் சொல்லும் "இலேசான" என்ற சொல்லைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். 1974இல் வெளிவந்த கிளாஸ்கோ அளவுகோலில், கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகியவற்றுக்கு மொத்தம் 3 முதல் 15 வரை புள்ளி இடப்படும். 13 முதல் 15 வரை பெற்றவருடைய காயம் இலேசானது எனப்படும். அது அடிபட்ட வேளையின் நிலைக்கு இட்ட பெயரேயன்றி, பின்னால் வரக்கூடிய தலையிடிக்கும் மறதிக்கும் இட்ட அளவு அன்று.

அடிபட்ட அன்று எடுக்கப்படுவது பெரும்பாலும் சி.ரி. ஸ்கான். மண்டையோட்டு வெடிப்பையும், உடனடியாகச் சத்திரசிகிச்சை வேண்டிய குருதிக்கசிவையும் கண்டுபிடிப்பதே அதன் வேலை. எல்லோருக்கும் அது தேவைப்படாது. நினைவு தப்பியவர், நடந்ததை மறந்தவர் அல்லது தடுமாறியவர் ஆகிய வளர்ந்தவர்களுக்காகக் கனடாவில் வகுக்கப்பட்டு 2001இல் வெளியான விதி, பின்வரும் நிலைகளில் சி.ரி. எடுக்கச் சொல்கிறது: இரண்டு மணித்தியாலத்தின் பின்னும் கிளாஸ்கோ புள்ளி 15ஐ எட்டாமை, இரண்டு தடவைக்குக் குறையாத வாந்தி, மண்டையோடு உடைந்ததற்கான அறிகுறி, 65 வயதும் அதற்கு மேலும், அடிபடுமுன் நடந்தவற்றில் அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ நினைவில் இல்லாமை, மூன்றடிக்கு மேலான உயரத்திலிருந்து விழுதல் போன்ற ஆபத்தான விபத்து. வோர்பரின் போன்ற, குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர் இந்த விதிக்குள் அடங்கமாட்டார். அவர் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும். வலிப்பு, நினைவு மங்குதல், தொடர் வாந்தி, ஒரு பக்கம் பலமிழத்தல் ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

இலேசான காயமுற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவினருக்குச் சி.ரி. சாதாரணமாகவே வரும். "ஸ்கான் கிளியர், ஒன்றுமில்லை" என்று உறவினர் மகிழ்வது நியாயமே. ஆனால் இரண்டு கிழமை கழித்தும் வெளிச்சம் கூசுகிறது, கணக்குப் பிழைக்கிறது என்று சொல்பவரை நடிக்கிறார் என ஏசுவது நியாயமல்ல. அமெரிக்காவில் 135 இலேசான காயக்காரரை ஆராய்ந்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சி.ரி. சாதாரணமாக இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கு, காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் மாற்றங்களைக் காட்டியது. மூளைக் கன்றல் (மூளை நசுங்கிய காயம்) ஒன்றேனும் இருந்தவர்களும், நரம்பிழைகள் கிழிந்த இடங்களில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நுண்குருதிக்கசிவுகள் இருந்தவர்களும் மூன்று மாதத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகத் தேறியிருந்தனர்.

எனவே எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டால், முடிவைத் தரும் வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கன்றல் இருக்கிறதா? நுண்கசிவுகள் எத்தனை, எங்கே? அவை இந்த விபத்தால் வந்தவையா, பழையவையா? வன்னியில் மூன்றாவது கேள்வியே மிக முக்கியமானது என்பது என் எண்ணம். போர் முடிந்த 2009க்கு முந்திய ஆண்டுகளில் தலையில் அடிபட்டு, அதை எங்கும் பதியாமலே தேறியவர்கள் நம்மிடையே பலர். பழைய கசிவின் தடம் பல ஆண்டுகள் படத்தில் தெரியும்; நாட்பட்ட உயர் குருதி அமுக்கமும் அத்தகைய புள்ளிகளை உண்டாக்கும். பழைய கதையைச் சொல்லாவிட்டால் படத்தை வாசிப்பவர் எல்லாவற்றையும் நேற்றைய விபத்தின் கணக்கில் எழுதிவிடக்கூடும்.

உடலில் போர்க்காலச் செல் (எறிகணை) துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் கட்டாயம் சொல்லவேண்டும். இரும்புத் துண்டைக் காந்தம் இழுக்கக்கூடும். கண்ணிலோ மூளையிலோ இருந்தால் அது பேராபத்து. சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தலைக்கு அருகே உலோகம் இருந்தால் படமும் அவ்விடத்தில் சிதைந்து போகும். அங்கே எதுவும் தெரியவில்லை என்பதை அங்கே எதுவும் இல்லை என்று கொள்ளக்கூடாது. பதினைந்து வருடமாக வலிக்காத துண்டை ஏன் சொல்லவேண்டும் என்று கேட்கும் ஐயாமாரிடம் பொறுமையாக விளக்குங்கள்.

நரம்பிழைகளின் வழியே நீர் பரவும் விதத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறையும் உண்டு. அது ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடவே இன்றுவரை பயன்படுகிறது. தனியொருவரின் எதிர்காலத்தை அதைக்கொண்டு கணிக்க முடியாது.

இனி வீட்டுப் பங்கு. முன்பு தலையில் அடிபட்டாரா, ஒற்றைத் தலைவலி இருந்ததா, மனச்சோர்வோ பதகளிப்போ இருந்ததா, முதல் நாட்களில் எத்தனை அறிகுறிகள் இருந்தன என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி, ஸ்கான் அறிக்கையோடு கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். கன்றல் உள்ளவர், ஆனால் முதல் கிழமையிலேயே அறிகுறிகள் குறைந்து வருபவர்; படம் சுத்தமானவர், ஆனால் தூக்கமின்றிப் பழைய பயங்களோடு தவிப்பவர் — இந்த இருவரில் எனக்கு இரண்டாமவரைப் பற்றியே கவலை அதிகம். வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் சில கிழமைகளில் இருந்து மூன்று மாதத்துக்குள் தேறிவிடுவர். ஓரிரு நாள் ஓய்வின் பின் மெல்ல மெல்ல வழமைக்குத் திரும்பலாம். இருட்டறையில் கிழமைக்கணக்காகப் படுத்திருப்பது உதவாது. தலைச்சுற்று நிற்கும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் தென்னை ஏறுவதையும் தள்ளி வையுங்கள்.

முதியவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. முதல் சி.ரி. சாதாரணமாக இருந்தாலும், மூளையின் மேலுறைக்குக் கீழே குருதி மெதுவாகத் தேங்கிச் சில கிழமைகளின் பின் வெளிப்படலாம். ஒரு மாதம் கழித்து அம்மம்மா தள்ளாடி நடந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, தலையிடி கூடினாலோ, பழைய அறிக்கையைக் காட்டி ஆறுதல் அடையாமல் அவரை உடனே மறுபடியும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று, விழுந்த திகதியைச் சொல்லி இன்னொரு சி.ரி. தேவையா என்று கேளுங்கள்.