ஈர்க்குச்சி நட்சத்திரமும் கேழ்வரகுக் குடிலும்: தொடக்கப்பள்ளிக்கு ஒரு கிறிஸ்துமஸ் செய்முறை

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வகுப்பில் முதல் கேள்வி, "டீச்சர், ஸ்டார் எப்போ கட்டுவோம்?" என்பதுதான். குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இணையத்தில் கிடைத்த கிறிஸ்துமஸ் மரப் படங்களை நகலெடுத்து வண்ணம் தீட்டக் கொடுத்துவந்தேன். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு "அடுத்து என்ன டீச்சர்?" என்பார்கள். அப்புறம்தான் ஒரே ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு நான்கைந்து பாடவேளை ஓட்டும் வழி பிடிபட்டது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இது சரிவரும்.

காகித நட்சத்திரத்துக்கும் வகுப்பறைக்கும் பழைய உறவு உண்டு. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவிய சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய விடுதிப் பள்ளியில், 1830களில், வடிவியல் பயிற்சியாகவே பல முனை நட்சத்திரங்களைச் செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வீடுகளில் தொங்கும் மொரேவிய நட்சத்திரம் அங்கிருந்து வந்ததுதான். அதற்கு முனைகள் அதிகம். நமக்கு ஐந்து முனை போதும்.

எப்போது தொடங்குவது?

டிசம்பர் முதல் வாரத்திலேயே. பருவத் தேர்வு வந்துவிட்டால் எதற்கும் நேரம் கிடைக்காது, தேர்வு முடிந்த கையோடு விடுமுறை. மழையும் இருக்கிறது. ஈரக் காற்றில் பசை காய ஒன்றரை நாள்கூட ஆகும். அதையும் கணக்கில் வையுங்கள்.

தேவையானவை

ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு: 30 செ.மீ ஈர்க்குச்சி 10, 5 செ.மீ துண்டுக் குச்சி 5, பூக்கட்டும் நூல், வண்ணக் காகிதம் நான்கைந்து தாள், மைதா பசை, அளவுகோல், முனை மழுங்கிய கத்தரிக்கோல்.

ஈர்க்கைத் துடைப்பத்திலிருந்து உருவாதீர்கள். காய்ந்த குச்சி வளைக்கும்போது முறியும். பச்சை ஓலையிலிருந்து சீவி எடுத்து, அடிப்பக்கத்து 30 செ.மீ மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். காய்ந்ததுதான் கிடைக்கிறது என்றால் ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போடுங்கள்.

பசையை வீட்டிலேயே காய்ச்சி எடுத்துப் போய்விடுவது நல்லது. இரண்டு மேசைக்கரண்டி மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் கண்ணாடி போல் ஆகும். அப்போது இறக்கிவிடலாம். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட், நச்சு) கலக்கும் வழக்கம் உண்டு. நமக்கு வேண்டவே வேண்டாம். வகுப்புக்கு ஒருவன் பசையை நக்கிப் பார்ப்பான்.

படி 1: குறி போடுதல்

30 செ.மீ குச்சியின் இரண்டு முனைகளிலிருந்தும் 11.5 செ.மீ அளந்து பேனாவால் குறி போடச் சொல்லுங்கள். நடுவில் 7 செ.மீ மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் எங்கோ அளவு தப்பியிருக்கிறது, மறுபடி அளக்கட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அளவுகோலின் விளிம்பிலிருந்து அளப்பார்களா, சுழியத்திலிருந்து அளப்பார்களா என்பது இங்கே தெரிந்துவிடும். இதற்கே அரை மணி நேரம் ஆகலாம், பரவாயில்லை.

படி 2: சட்டம் கட்டுதல்

பென்சிலை எடுக்காமல் நட்சத்திரம் வரைய எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே வரிசையில்தான் குச்சிகளையும் வைக்க வேண்டும். ஐந்து பேரும் ஆளுக்கொரு குச்சியோடு தரையில் வட்டமாக உட்காரட்டும். ஒவ்வொரு குச்சியும் மற்ற இரண்டு குச்சிகளைக் கடக்கும். ஒன்றின் மேலே போனால் அடுத்ததன் கீழே போக வேண்டும். ஓலை முடைவது போலத்தான். முடைந்துவிட்டால் சட்டம் நழுவாது.

முதலில் ஐந்து முனைகளையும் நூலால் கட்டுங்கள். அப்புறம் உள்ளே குச்சிகள் கடக்கும் இடங்களைப் பாருங்கள். குறியும் குறியும் ஒன்றன்மேல் ஒன்று வந்து நின்றால் நட்சத்திரம் சரி. வரவில்லையென்றால் எந்த முனை விலகியிருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் கையை வைக்காதீர்கள். நான் முதல் ஆண்டு பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் பிடுங்கி நானே கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஒருவருக்கும் கட்டத் தெரியவில்லை.

இதே போல இன்னொரு சட்டம் வேண்டும்.

படி 3: புடைக்க வைத்தல்

ஒட்டும் காகிதங்களுக்கு அச்சு இப்போதே எடுத்துவிடுங்கள். சட்டத்தைத் தாளின் மேல் வைத்து, முனை முக்கோணம் ஒன்றையும் நடு ஐங்கோணத்தையும் வரைந்துகொண்டால் ஆயிற்று. புடைத்த பிறகு சட்டம் தாளில் படியாது.

இரண்டு சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது உள்ளே உள்ள ஐந்து சந்திப்புகளிலும் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே 5 செ.மீ துண்டுக் குச்சியை நிறுத்தி, நூலால் இறுக்குங்கள். தட்டையாகக் கிடந்தது சட்டென்று புடைத்து எழும். வகுப்பு கத்தும், பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்ப்பார். முதல் துண்டு வைக்கும்போது ஒரு பிள்ளை முனையைப் பிடித்துக்கொள்ளட்டும், முறிவது அங்கேதான்.

படி 4: காகிதம் ஒட்டுதல்

ஒட்டும் முன் ஒரு கேள்வி: "இதை முழுசா மூட எத்தனை துண்டுக் காகிதம் வேணும்?" பத்து என்பார்கள், பன்னிரண்டு என்பார்கள். முன்பக்கம் முனைக்கு ஒன்றாக ஐந்து முக்கோணம், நடுவில் ஓர் ஐங்கோணம். பின்பக்கமும் அப்படியே. பக்கவாட்டில் முனைக்கு இரண்டாகப் பத்து ஒல்லி முக்கோணம். ஆக மொத்தம் 22. கையில் பொருள் இருப்பதால் தொட்டுத் தொட்டு எண்ணிவிடுவார்கள். ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால் உச்சி 15, விளிம்பு 35 என்பதையும் எண்ண வைக்கலாம். உச்சியையும் முகத்தையும் கூட்டி விளிம்பைக் கழித்தால் 2 வரும். தீப்பெட்டியை எண்ணினாலும் 8, 6, 12, அதே 2. ஏன் என்று விளக்க வேண்டாம், வீட்டில் வேறு பெட்டிகளை எண்ணிப் பார்க்கட்டும்.

முனை முக்கோணத்தின் அடி 7 செ.மீ, மற்ற இரு பக்கங்கள் 11.5 செ.மீ. பக்கவாட்டு முக்கோணத்துக்கு அடி 5 செ.மீ, மற்றவை அதே 11.5. சுற்றிலும் 1 செ.மீ கூடுதலாக விட்டு வெட்டினால் மடித்து ஒட்ட வாகாக இருக்கும். ஒரு பக்கவாட்டு முக்கோணத்தை மட்டும் திறந்து வையுங்கள், விளக்கு வைப்பதற்கு. பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி விளக்கு மட்டுமே. மெழுகுவர்த்தியும் கூடாது, சுவர் மின்சாரத்தில் எரியும் சீரியல் பல்பும் கூடாது.

மீந்த காகிதத்தில் ஒரு விளையாட்டு

கோணமானி வேண்டாம். ஆளுக்கொரு ஐந்து முனை நட்சத்திரத்தை ஒரே கோட்டில் வரைந்து வெட்டி, ஐந்து கூர் முனைகளையும் கிழித்து, அந்தக் கூர்கள் ஒரே புள்ளியில் சேரும்படி பக்கத்தில் பக்கத்தில் அடுக்கச் சொல்லுங்கள். விளிம்பு நேர்கோடாக வந்து நிற்கும். கோணலும் மாணலுமாக வரைந்தவன் நட்சத்திரத்திலும் அப்படியே வரும். ஐந்து கூர்களையும் கூட்டினால் 180 பாகை, சரியான நட்சத்திரத்தில் ஒரு கூருக்கு 36. வரைதல் வராது என்று ஒதுங்கும் பிள்ளையை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

குடிலுக்கு வயல்

நட்சத்திரம் காயும் நேரத்தில் விதை போட்டுவிடலாம். குடிலில் வைக்கும் பச்சைக்காக எங்கள் பக்கம் முன்கூட்டியே தானியம் விதைப்பார்கள். கோயில் முளைப்பாரி பார்த்த பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டு, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, மேலே லேசாக மண் மூடி, தினமும் தண்ணீர் தெளியுங்கள். விடுமுறைக்குப் பத்து நாள் முன்பு விதைத்தால் கணக்குச் சரியாக இருக்கும்.

ஒரு சிரட்டையை ஜன்னலோரம் வையுங்கள், இன்னொன்றை அட்டைப்பெட்டிக்குள் மூடுங்கள். தினமும் காலையில் இரண்டையும் அளந்து பலகையில் பட்டை வரைபடமாக ஏற்றுங்கள். இருட்டில் இருப்பதுதான் உயரமாக வளரும். "அப்போ இருட்டுதான் நல்லது" என்று பிள்ளைகள் முடிவு கட்டுவார்கள். அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். நான்கு நாள் கழித்து அது வெளிறிச் சாய்ந்து கிடக்கும்போது அவர்களே பேசுவார்கள். எங்கள் வகுப்பில் அந்த மஞ்சள் நாற்றும் வீணாகவில்லை. மாட்டுக்கு வைக்கோல் என்று குடிலில் படுக்கவைத்துவிட்டார்கள்.

குடில் வைக்கும் அன்று அதன் கதையைச் சொல்லுங்கள். இத்தாலியில் கிரெச்சோ என்ற மலையூரில் 1223ஆம் ஆண்டு அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி, வைக்கோல் பரப்பி, நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக்கினார். வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆகவே வழிபாடு இல்லாமல் கதையாகவும் கைவேலையாகவும் வைத்துக்கொண்டால் எந்த வீட்டிலிருந்தும் வருத்தம் வராது. மார்கழிக் கோலத்துக்கும் பலகையில் ஒரு மூலை கொடுங்கள், நட்சத்திரக் கோலம் போடப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

எத்தனை ஞானிகள்?

வாசிப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை. மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரக் கதையை எளிய தமிழில் எட்டுப் பத்து வரியில் எழுதிக் கொடுங்கள். கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள், நட்சத்திரம் வழிகாட்டியது, பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் கொடுத்தார்கள். ஞானிகள் எத்தனை பேர் என்று கேட்டால் வகுப்பே "மூணு" என்று கத்தும். "எந்த வரியில இருக்கு? விரல் வச்சுக் காட்டு." தேடுவார்கள், கிடைக்காது. பரிசுதான் மூன்று, ஆள் கணக்கு அங்கே இல்லை. தூபவர்க்கம் என்ற சொல்லுக்கு யாரும் முழித்தால், பைபிளின் பொது மொழிபெயர்ப்பில் சாம்பிராணி என்று இருப்பதைச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

வாழ்த்து அட்டை

1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் எல்லோருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லாமல் அட்டை அச்சடித்தார். நம் பிள்ளைகள் கையால் எழுதட்டும். படத்தைவிட முகவரியில்தான் பாடம் இருக்கிறது: பெயர், தெரு, ஊர், மாவட்டம், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. சொந்த வீட்டுக்கே அனுப்பச் சொல்லுங்கள். முகவரி தப்பினால் அட்டை வராது, அதைவிடத் தெளிவான மதிப்பெண் கிடையாது.

பரிசு விளையாட்டு பற்றி ஓர் எச்சரிக்கை

சீட்டுக் குலுக்கி, வந்த பெயருக்கு இரகசியமாகப் பரிசு கொடுக்கும் விளையாட்டைப் பிள்ளைகள் கேட்பார்கள். ஒருமுறை சரி என்றேன். ஒருத்திக்கு இருநூறு ரூபாய் பென்சில் பெட்டி வந்தது, இன்னொருவனுக்கு இரண்டு மிட்டாய். அவனுக்குச் சீட்டு எடுத்த பிள்ளை அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. இப்போது எங்கள் சட்டம்: காசு கொடுத்து வாங்கியது எதுவும் கூடாது. காகிதப் பூ, கூழாங்கல்லில் வரைந்த முகம், ஒரு வாரம் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பித் தருகிறேன் என்ற சீட்டு, எல்லாம் செல்லும்.

கடைசி நாள்

நட்சத்திரத்தை வராந்தாவின் உள்பக்கம் கட்டுங்கள், சாரல் பட்டால் மைதா விட்டுவிடும். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது காகிதம் கிழிந்து தொங்கும். கிழிந்ததை உரித்துவிட்டுச் சட்டத்தை மட்டும் பரண்மேல் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்பு வாசல் நிலைக்கு ஆகும். பூச்சி அரிக்காமல் இருக்க நான்கு வேப்பிலையும் போட்டு வையுங்கள்.